காசு வந்த வழி – 9: களவெட்டியும் கச்சேரியும்

1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி, போர்த்துக்கேயர் மட்டக்களப்பின் புளியந்தீவில் கட்டிப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்த கோட்டை வீழ்ந்தது. கடற்பக்கம் அடம் வெஸ்டர்வோல்ட்டின் ஒல்லாந்தக் கப்பல்கள். தரைப்பக்கம் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் படை. ஐந்து நாள் கழித்து, மே 23இல், மட்டக்களப்பிலேயே இரு தரப்பும் உடன்படிக்கை எழுதின. போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தர் அனுப்பும் கப்பலுக்கும் ஆளுக்கும் ஆகும் செலவை அரசன் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. எதைக் கொடுத்துத் தீர்ப்பது என்பதும் எழுதப்பட்டது: கறுவா, மிளகு, ஏலம், நீலம், மெழுகு, அரிசி.

அந்தக் கடன் தீரவே இல்லை. செலவுக் கணக்கை எழுதியவர்கள் ஒல்லாந்தர். அரசன் அனுப்பிய கறுவாவுக்கு விலை போட்டவர்களும் அவர்களே. 1640இல் நீர்கொழும்பும் காலியும் பிடிபட்டபோது, பாக்கி தீரவில்லை என்று சொல்லி அந்த இடங்களைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினோம் என்று சிங்களவர் இன்றும் சொல்லும் பேச்சு இந்த வரலாற்றிலிருந்து வந்ததுதான். நமது தொடருக்கு இதில் ஒரு பெரிய பாடம் கிடைக்கிறது. பண்டத்தைக் கொடுத்துத் தீர்க்கும் கடனிலும் கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவைப் பிடித்திருப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக் கரைக்குக் காசு வந்த கதையை இந்தக் கண்கொண்டு பார்த்தால்தான் அது சரியாகப் புலப்படும்.

கண்டி அரசனின் நாட்டில் நாணயமே இருக்கவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, ஏறத்தாழ 20 ஆண்டு கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயன் ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் மூன்று வகை நாணயங்களைச் சொல்கிறான். முதலாவது போர்த்துக்கேயர் அடித்தது. ஒரு பக்கம் அவர்களுடைய அரசனின் சின்னம், மறுபக்கம் ஒரு துறவியின் உருவம். மூன்றாவது பணம், அரசன் மட்டுமே அடிக்கலாம், மற்றவர் அடித்தால் மரண தண்டனை. அது மிகச் சிறியது. 75 பணம் சேர்ந்தால்தான் ஒரு ஸ்பானிய வெள்ளி.

இரண்டாவது வகையைத்தான் நான் சற்று நின்று பார்க்கச் சொல்வேன். அது தூண்டில் முள் போல வளைந்த வெள்ளிக் கம்பி. பாரசீகத்தின் லார் என்ற ஊரின் பெயரால் லாரின் என்று அழைக்கப்பட்ட இந்தக் கம்பிக் காசு, வளைகுடாவிலிருந்து இந்தியாவின் மேற்குக் கரை வழியாக இலங்கைக்கு வந்தது. அங்கெல்லாம் நேராக மடித்த கம்பி. இங்கேதான் அதைக் கொக்கியாக வளைத்தார்கள். நிறை ஏறத்தாழ 5 கிராம். அரசனின் அனுமதியோடு யாரும் இதைச் செய்யலாம், விரும்பிய முத்திரையைக் குத்தலாம் என்கிறான் நொக்ஸ். அப்படியானால் இதை நம்பி வாங்குவது எப்படி? அதற்கும் அவனே விடை எழுதியிருக்கிறான். சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் இட்டுச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவார்கள். பிறகு தண்ணீரில் போடுவார்கள். வெளியே எடுக்கும்போது தூய வெண்மையாக இருந்தால் செல்லும். கொஞ்சம் மங்கினாலும் செல்லாது. முத்திரை எவருடையது என்று எவரும் கேட்கவில்லை. வெள்ளி தன் தரத்தைத் தானே காட்ட வேண்டும், ஊர் முன்னிலையில், நெருப்பில்.

காசைச் சோதித்துத் தரம் சொல்வது தமிழகத்தில் மிகப் பழைய தொழில். சங்கப் புலவர் வரிசையில் வண்ணக்கன் என்ற அடையுடன் சிலர் இருக்கிறார்கள். நாணயம் நோட்டம் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் முதலான பழங்கோயில்களில் வரவு செலவையும் திருவிழாவையும் பொறுப்பேற்று நடத்துபவர் இன்றைக்கும் வண்ணக்கர்தான். காசைப் பார்ப்பவரும் கோயில் சொத்தைக் காப்பவரும் ஒரே பதவிப் பெயரில் நிற்பது தற்செயலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நொக்ஸ் கடைசியில் ஒன்று சொல்கிறான்: எந்த வகை நாணயமும் மிக அரிது; மக்கள் பெரும்பாலும் பண்டத்துக்குப் பண்டம் கொடுத்தே வாழ்கிறார்கள். கண்டி நாட்டைப் பற்றி அவன் எழுதியது வாவிக் கரைக்கும் நன்றாகவே பொருந்தும்.

வாவிக் கரையிலுள்ள கல்லடியின் இருப்பிடத்தை நினைத்துப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்குள் புளியந்தீவு, அதையும் தாண்டினால் படுவான்கரை. சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையில் மீன், தேங்காய், நெசவுத் துணி. சூரியன் படும் பக்கத்தில் நெல், தயிர், தேன். இரண்டுக்கும் நடுவே தோணி. இரண்டு கரைக்கும் ஒன்றில்லாமல் மற்றதற்குச் சரிவராது.

1776இல் அடம் சிமித் சொன்ன கதையை நாம் எல்லோரும் பாடசாலையில் படித்திருக்கிறோம். இறைச்சிக்காரரிடம் இறைச்சி மிஞ்சியிருக்கிறது. பாண் சுடுபவருக்கு அது வேண்டும். ஆனால் அவர் கொடுக்கும் பாண் இறைச்சிக்காரருக்கு இன்று தேவையில்லை. பரிமாற்றம் நின்றுபோகிறது. அந்தச் சங்கடம் தீரவே பணம் பிறந்தது என்பது கதை. சிமித் பெரிய அறிஞர். ஆனால் இந்தக் கதையைப் படுவான்கரைக்குக் கொண்டுவந்தால் அது நிற்காது. கார்த்திகையில் கல்லடி மீன்காரர் கருவாட்டுடன் தோணியில் போனால், படுவான்கரைக்காரரிடம் அப்போது கொடுக்க நெல் இருக்காது. விதைத்து முடித்த காலம் அது. அதனால் வியாபாரம் நின்றுவிடுமா? கருவாட்டை வாங்கிக்கொள்வார்கள், மாரி வேளாண்மை வெட்டி, மாசி பங்குனியில் சூடு மிதிக்கும்போது நெல் அளப்பார்கள். இருவருக்கும் நடுவே இருந்தது தவணை. அந்தத் தவணைக்கு ஊரும் உறவும் சாட்சி.

இது நமது வாவிக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. மெசொப்பொத்தேமியாவில், 4000 ஆண்டுகளுக்கு முன், கோயில்களும் அரண்மனைகளும் வாற்கோதுமையிலும் வெள்ளி நிறையிலும் களிமண் பலகையில் கணக்கு எழுதின. ஏறத்தாழ 300 லீற்றர் வாற்கோதுமை ஒரு ஷெக்கெல் வெள்ளிக்குச் சமம் என்று வைத்துக் கடனும் கூலியும் வாடகையும் கணித்தார்கள். முத்திரை குத்திய நாணயம் லிடியாவில் தோன்றியது கி.மு. 7ஆம் நூற்றாண்டில்தான். முதலில் கணக்கு, பிறகுதான் காசு.

படுவான்கரையின் களிமண் பலகை களவெட்டி. வெட்டிய கதிரைச் சூடு வைத்து, எருமைக் கடாக்களைக் கட்டி மிதித்து, தூற்றி, பொலியைக் கூட்டிக் குவிக்கும் அந்த இடத்தில்தான் ஓர் ஆண்டின் கொடுக்கல் வாங்கல் அத்தனையும் தீர்க்கப்பட்டன. களவெட்டிக்குள் சாதாரணப் பேச்சுப் பேசக்கூடாது. அங்கே பொருளுக்கும் வேலைக்கும் வேறு சொற்கள். செருப்புக் காலோடு யாரும் ஏறமாட்டார்கள். நெல்லை அளப்பது மரைக்கால், பெருங்கணக்கு அவணம். முதலில் தெய்வத்துக்கு எடுத்து வைப்பார்கள். அதன்பின் கொல்லன், தட்டான், வண்ணான், அம்பட்டன் என்று ஆண்டு முழுதும் காசு வாங்காமல் ஊழியம் செய்தவர்களுக்கு அவரவர் பங்கு. வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானைக்கு ஒரு பங்கு. வயலை நின்று நடத்திய முல்லைக்காரனுக்கும் அவன் கீழ் உழைத்த வயல்காரருக்கும் பேசிக்கொண்ட நெல். எஞ்சியது வயலின் சொந்தக்காரரான போடியாருக்கு.

பணத்தின் வேலை என்னென்ன என்று கேட்டால் பொருளியல் நூல்கள் மூன்றைச் சொல்லும்: மதிப்பை அளப்பது, கொடுக்கல் வாங்கலைத் தீர்ப்பது, நாளைக்குச் சேர்த்து வைப்பது. முதல் இரண்டையும் நெல் திறம்படச் செய்தது. மூன்றாவதில் அது தோற்றது. நெல்லில் அந்துப்பூச்சி விழும். ஈரம் பட்டால் முளைக்கும். எலிக்கும் பங்கு போகும். ஆகவே சேமிப்பு வேறு இடத்துக்குப் போனது. போடிமாரின் சேமிப்பு மாட்டுப் பட்டிகளில் மேய்ந்தது. பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவிலும் வயலிலும் காதிலும் கழுத்திலும் கிடந்தது.

இதை ஒரு பொற்காலமாக நான் காட்டவில்லை. அப்படிக் காட்டுவது அந்த வயல்களில் உழைத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். விதைநெல்லையும் மாரிகாலச் சாப்பாட்டு நெல்லையும் முன்கூட்டிக் கொடுத்தவர் போடியார், களவெட்டியில் கழித்துக்கொண்டவரும் அவரே, மரைக்காலும் அவருடையது. வெள்ளத்திலோ வரட்சியிலோ ஒரு போகம் பிழைத்தால் வயல்காரன் மறுபோகமும் அதே வளவில் நின்றாக வேண்டும். 1638இல் ஒல்லாந்தர் அரசனுக்குச் செய்ததும் இதுதான். அங்கே கறுவா, இங்கே நெல்.

இந்த உலகுக்குள் காசு எப்படி நுழைந்தது? சந்தை விரிந்தது, மக்கள் விரும்பினார்கள், காசு பரவியது என்று எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆவணங்கள் காட்டும் பாதை வேறு. பெரும்பாலான ஊர்களுக்குள் காசை முதலில் தள்ளியது வரி.

ஒல்லாந்தக் கம்பனி செம்புக் காசுகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1785இல் கொழும்பில் முதன்முதலாகக் கடதாசிப் பணமும் வெளியிட்டது. 1796இல் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவர்களும் முதலில் ஒல்லாந்தக் கணக்கையே தொடர்ந்தார்கள்: 48 ஸ்டைவர், அல்லது 12 பணம், ஒரு றிக்ஸ்டொலர். நம்மவர் அதை இறைசால் என்றார்கள். யானை பொறித்த தடித்த செம்புக் காசுகள் அந்த ஆண்டுகளில் அடிக்கப்பட்டவை. 1825இல் ஆங்கிலப் பவுண் கணக்கு சட்டபூர்வமானது; ஓர் இறைசால் ஒன்றரை ஷில்லிங் என்று நிலைநிறுத்தப்பட்டது.

இப்போது 1848க்கு வாருங்கள். ஆளுநர் டொரிங்டனின் வீதிச் சட்டம் அந்த ஆண்டில் வந்தது. 18 வயது முதல் 55 வயது வரையான ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். மூன்று ஷில்லிங் என்றால் இரண்டு இறைசால், அதாவது 24 பணம். மரைக்காலால் அளக்க முடியாத கடன் இது. முல்லைக்காரனோ, மீன்காரரோ, வண்ணானோ, யாராக இருந்தாலும் தலைக்கு இவ்வளவு. அதுவும் அரசு அடித்த காசாகவே வேண்டும். மலைநாட்டில் அந்த ஆண்டு டொரிங்டனின் வரிகளுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. இரத்தம் சிந்தி அடக்கினார்கள். வாவிக் கரையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இங்கே மக்கள் காசு தேடத் தொடங்கினார்கள்.

நெல்வரியின் கதை இதைவிடக் கொடியது. விளைச்சலில் பத்தில் ஒன்று என்பது பொதுவான வீதம். சில காணிகளுக்கு அதற்கும் மேல். அரசு தானே வந்து வசூலிக்கவில்லை. வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டது. கூடிய விலைக்கு எடுத்த குத்தகைக்காரர் அரசுக்குக் காசு கட்டிவிட்டு விவசாயியிடம் நெல்லாக அறவிட்டார். வெட்டப் போகும் நாளைக் குத்தகைக்காரருக்கு அறிவிக்க வேண்டும். அவரோ அவருடைய ஆளோ வந்து பார்க்காமல் பொலியை வீட்டுக்கு ஏற்ற முடியாது. வானம் கறுத்து நிற்கும்போது, மிதித்த நெல்லை வைத்துக்கொண்டு இன்னொருவரின் வரவுக்காகக் காத்திருப்பதன் கொடுமை வயல் செய்தவர்களுக்குத் தெரியும். அரசின் அலுவலகமான கச்சேரிக்கும் களவெட்டிக்கும் நடுவே, நெல்லைக் காசாக்கிச் சம்பாதிக்கும் ஒரு வகுப்பை அந்த ஏலமே உண்டாக்கியது.

1850களின் பிற்பகுதியில் ஆளுநர் ஹென்றி வார்ட் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தினார். வயல் பெருகியது. அதோடு முடிக்குரிய காணிகள் விற்பனைக்கு வந்தன; விலை காசில். உப்பு அரசின் தனியுரிமை, அதற்கும் காசு. அறுவடை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காசு வேண்டியிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் நெல் விலை விழும். அன்றைக்குக் காசு கையில் வைத்திருந்தவருக்கு அது கொழுத்த காலம். அதே நெல்லை ஐப்பசியில் திருப்பி வாங்க வேண்டியவருக்கு அதுவே கடனின் தொடக்கம்.

1878இல் வந்த சட்டம் நெல்லாகக் கொடுப்பதைக் காசாக மாற்ற வழி செய்தது; விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு. குத்தகைக்காரரின் தொல்லை நீங்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நடந்ததோ வேறு. மலைநாட்டு வலப்பனையில் வரிப்பாக்கிக்காக வயல்கள் ஏலத்தில் போயின. குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அரசாங்க அதிகாரியான லெ மெசூரியரே அதை எழுத்தில் வைத்தார். இங்கிலாந்துவரை அந்தக் குரல் போனது. 1892இல், ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், நெல்வரி ஒழிக்கப்பட்டது. நெல்லால் கொடுத்தவரை வரி விளைச்சலோடு ஏறி இறங்கியது. காசாக மாறிய கணமே அது வானத்தையும் வயலையும் பார்க்காத கடனாயிற்று. காசின் வரலாற்றில் இவ்வளவு தெளிவான ஒரு சோதனை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது என்பதை நம் பாடநூல்கள் இன்னும் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே 1872 ஜனவரி 1 முதல் ரூபாயும் நூறு சதமும் நடைமுறைக்கு வந்தன. பனை பொறித்த செம்புச் சதங்கள் 1870ஆம் ஆண்டு அடிக்கப்பட்டவை. நோட்டுகளை அப்போது தனியார் வங்கிகளே வெளியிட்டன. 1869இல் கோப்பிச் செடியின் இலையில் ஒரு பூஞ்சணம் பற்றியது, தோட்டங்கள் அழிந்தன, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. நாட்டில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பங்கு அந்த வங்கியினுடையது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்திராவிட்டால், கோப்பிச் செடியைக் கண்ணால் காணாதவரின் பெட்டியில் கிடந்த தாளும் வெறும் கடதாசியாகியிருக்கும். 1885 முதல் நோட்டு அச்சிடுவது அரசின் வேலையாயிற்று. கொக்கிக் காசை நெருப்பில் இட்டுப் பார்த்தார்கள். தாளுக்கு அந்தச் சோதனை இல்லை. அதன் தரம் முழுவதும் வெளியிட்டவர் சொல்லில் நிற்கிறது.

1928இல் ரயில் மட்டக்களப்புக்கு வந்தது. அந்தக் காலத்தையொட்டிக் கல்லடிப் பாலமும் கட்டி முடிந்தது. தோணிக்குக் காத்திருந்த எழுவான்கரைக்காரர் மீனையும் தேங்காயையும் வண்டியிலேயே நகரத்துக்குக் கொண்டுபோய்க் காசுக்கு விற்கலாம் என்றாயிற்று. தவணை மெல்லச் சுருங்கியது.

இன்னும் ஒரே ஒரு காசைக் காட்டி இந்த அத்தியாயத்தை நிறுத்துகிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸை மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தன. 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். கப்பல் இன்றும் அந்தக் கடலடியில் கிடக்கிறது. அதன்பின் இரண்டு மாதம் ஆகுமுன்னர், ஜூன் 1ஆம் திகதியிட்டு ஒரு 5 சத நோட்டு வெளிவந்தது. போர்க்காலத்தில் சில்லறை கிடைக்கவில்லை. அதனால் சதத்துக்கும் தாள். நடுவே தபால்தலைகளுக்கு இடையில் இருப்பதுபோல வரிசையாகத் துளைகள். அந்தக் கோட்டில் கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மறு துண்டு 3 சதம். கிழித்த துண்டையும் கடையில் வாங்கிக்கொண்டார்கள். கொக்கி வெள்ளியிலிருந்து இந்தத் துண்டுத் தாள் வரை 300 ஆண்டுகூட ஆகவில்லை.

கச்சேரியின் பக்கத்துக் கணக்கு சுவடிக்கூடங்களில் இருக்கிறது. வரி எவ்வளவு, குத்தகை யாருக்கு என்று தேடிப் படிக்கலாம். களவெட்டியின் பக்கத்துக் கணக்கு வீடுகளில்தான் இருந்தது. 1978 நவம்பர் சூறாவளியில் ஒரு பகுதி போயிற்று. உள்நாட்டுப் போரில் ஒரு பகுதி. 2004 டிசம்பர் 26இல் கல்லடிக் கரையோர வீடுகளோடு இன்னொரு பகுதியைக் கடல் கொண்டுபோனது. மிஞ்சியிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் போடியாரின் நெல் கணக்குக் கொப்பியோ, கடன் சீட்டோ, பழைய காணி உறுதியோ, கொக்கிக் காசோ, கிழித்த சதத் தாளோ கிடந்தால், தயவுசெய்து எறியாதீர்கள். காசைப் புளி போட்டு விளக்காதீர்கள். தட்டாரிடம் கொடுத்து உருக்காதீர்கள். கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்; களவெட்டியில் எந்தப் பங்குக்கு எந்தப் பெயர் இருந்தது என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, அதே கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள்.